பின்தொடைக்கு எது சரி: ஸ்குவாட்டா, ஆர்.டி.எல்.லா, லெக் கர்லா, நார்டிக்கா?

முன்னால் நின்று பார்த்தால் தொடை நன்றாகத் திரண்டு இருக்கும். பக்கவாட்டில் திரும்பி நின்றால் பின்பக்கம் ஒன்றுமே இருக்காது. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் ஜிம்களில் வருஷக்கணக்காக வெயிட் தூக்கும் பையன்களிடம்கூட இதைப் பார்க்கலாம். லெக் டே அன்று ஸ்குவாட், லெக் பிரஸ், லெக் எக்ஸ்டென்ஷன் எல்லாம் முடிந்து, உடம்பில் தெம்பே மிச்சமில்லாத நேரத்தில் மூன்று செட் லெக் கர்லை அவசரமாக ஆட்டிவிட்டுக் கிளம்புவார்கள். ஹாம்ஸ்ட்ரிங்குக்கு, அதாவது பின்தொடைத் தசைக்கு, கிடைப்பது அவ்வளவுதான்.

"இதுக்கு எது செய்யணும் அண்ணே?" என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஸ்குவாட்டை நல்லா இறங்கிப் போட்டாலே போதும் என்பார் ஒருவர். டெட்லிஃப்ட்தான் என்பார் இன்னொருவர். கால்பந்து ஆடுகிறவர் நார்டிக் வீடியோவைக் காட்டுவார். சொத்தவிளை கடற்கரை மணலில் ஓடு, தானாக வரும் என்று சொல்கிறவர்களும் உண்டு. வாரத்தில் இரண்டு நாள்தான் காலுக்கு ஒதுக்க முடியும் என்றால் இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடுப்பை மடக்கிச் செய்யும் பயிற்சி ஒன்று, முழங்காலை மடக்கிச் செய்யும் பயிற்சி ஒன்று, இரண்டும் வேண்டும். முதலாவதற்கு ரோமானியன் டெட்லிஃப்ட், அதாவது ஆர்.டி.எல்.: வெயிட் மாட்டிய பாரைக் கையில் பிடித்து, இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிந்து நிமிர்வது. இரண்டாவதற்கு உட்கார்ந்து செய்யும் லெக் கர்ல் மெஷின் கிடைத்தால் அதுதான் சிறந்தது. கால்பந்து ஆடுகிறவர் நார்டிக்கை, அதாவது முழங்காலிட்டு மெதுவாக முன்னால் சாயும் பயிற்சியை, விடவே கூடாது. ஸ்குவாட்டை ஹாம்ஸ்ட்ரிங் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

ஏன் இரண்டு வேண்டும் என்றால், இந்தத் தசைக்கு வேலையே இரண்டு. ஹாம்ஸ்ட்ரிங் என்பது ஒரே தசை இல்லை. பைசெப்ஸ் ஃபெமோரிஸ், செமிடெண்டினோசஸ், செமிமெம்பிரனோசஸ் என்று மூன்று தசைகளின் கூட்டம். இவற்றின் பெரும்பகுதி, நாம் உட்காரும்போது தரையில் அழுந்துகிற எலும்பில் தொடங்கி, முழங்காலைத் தாண்டிக் கீழே போய்ப் பிடிக்கிறது. அதனால் குனிந்த உடம்பை நிமிர்த்துவதும் இதன் வேலை, முழங்காலை மடக்குவதும் இதன் வேலை. பைசெப்ஸ் ஃபெமோரிஸுக்கு நீண்ட தலை, குட்டைத் தலை என்று இரண்டு பகுதிகள், அதில் குட்டைத் தலை மட்டும் விதிவிலக்கு. அது தொடையெலும்பில் தொடங்குவதால் இடுப்பசைவில் அதற்குப் பங்கே இல்லை. ஆர்.டி.எல். மட்டும் செய்தால் இந்தக் குட்டைத் தலை சும்மா கிடக்கும். லெக் கர்ல் மட்டும் செய்தால், கனமான வெயிட்டில் இடுப்புப் பக்கம் நன்றாக இழுபடும் வாய்ப்பு போய்விடும்.

ஸ்குவாட் விஷயத்தை முடித்துவிடலாம். அது தொடையின் முன்பக்கத்துக்கும் பிட்டத்துக்கும் அருமையான பயிற்சி, நானும் விடாமல் செய்கிறேன். ஆனால் ஸ்குவாட்டில் எழும்போது இடுப்பும் நிமிர்கிறது, முழங்காலும் நிமிர்கிறது. ஹாம்ஸ்ட்ரிங் ஒரு முனையில் சுருங்கும்போதே மறுமுனையில் நீள்வதால், அதன் மொத்த நீளம் பெரிதாக மாறுவதில்லை. 2019ல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வில், 10 வாரம் ஸ்குவாட் செய்தவர்களின் தொடையை எம்.ஆர்.ஐ. எடுத்து அளந்தார்கள். முழுதாக இறங்கிச் செய்தவர்களுக்கு முன்தொடை, உள்தொடை, பிட்டம் எல்லாம் வளர்ந்திருந்தன. ஹாம்ஸ்ட்ரிங்கில் வளர்ச்சி இல்லை. அரைகுறையாக இறங்கியவர்களுக்கும் இல்லை.

மணலில் ஓடுவதும் மருந்துவாழ் மலை ஏறுவதும் இதே கணக்குதான். மூச்சுக்கும் மனசுக்கும் நல்லது, கெண்டைக்கால் கல்லாகும். ஆனால் ஓட்டத்தில் ஹாம்ஸ்ட்ரிங் கடுமையாக வேலை செய்வது, காலை முன்னால் வீசி நிலத்தில் வைப்பதற்குச் சற்று முன், அதுவும் முழு வேகத்தில். இளகிய மணலில் அந்த வேகம் வராது. கெட்டியான மைதானத்தில் முழு வேகத்தில் ஓடும் குறுந்தூர ஓட்டம் வேறு விஷயம், அதற்கு நிச்சயம் பலன் உண்டு. ஆனால் பலமில்லாத பின்தொடையோடு அதில் இறங்குவதுதான் தசை கிழிவதற்கான நேர்வழி.

இனி ஆர்.டி.எல். ஜிம்மில் எல்லோரும் செய்வதாகத் தோன்றும், ஆனால் சரியாகச் செய்கிறவர் குறைவு. பெரும்பாலானவர்கள் பாரைக் கீழே கொண்டுபோவதிலேயே குறியாக இருப்பார்கள். முழங்கால் மடங்கும், முதுகு வளையும், பார் தரையைத் தொடும், அத்தோடு திருப்தி. கீழே போவதை மறந்துவிடுங்கள். இடுப்பு பின்னால் போவதுதான் இந்தப் பயிற்சி. இரண்டு கையிலும் பை இருக்கும்போது வீட்டுக் கதவைப் பின்பக்கத்தால் தள்ளிச் சாத்துவோமே, அந்த அசைவுதான். முழங்கால் லேசாகத் தளர்ந்து அதே நிலையில் நிற்க வேண்டும். பார் தொடையை ஒட்டியே இறங்க வேண்டும், ஓர் அங்குலம் விலகினாலும் பாரம் கீழ்முதுகுக்குப் போய்விடும். மூன்று விநாடி எடுத்து இறக்குங்கள். முழங்காலைத் தாண்டியதும் பின்தொடையில் இழுவை ஏறுவது தெரியும். இடுப்பு இதற்கு மேல் பின்னால் போகாது என்கிற இடம் ஒன்று வரும். பலருக்கு அது முழங்காலுக்குச் சற்றுக் கீழே, உடம்பு இளகியவர்களுக்கு முன்கால் எலும்பின் பாதியில். அங்கே நிறுத்தி எழ வேண்டும். அதற்குக் கீழே போகிற ஒவ்வொரு அங்குலமும் முதுகு வளைவதால் கிடைப்பது, ஹாம்ஸ்ட்ரிங்குக்கு அதில் ஒன்றும் இல்லை.

நம் ஊருக்கே உரிய ஒரு தொந்தரவு இதில் உண்டு. கடல் ஈரக்காற்றில் கை வியர்த்துக் கொட்டும், மேமாதத்தில் கேட்கவே வேண்டாம். பின்தொடை இன்னும் நான்கு ரெப், அதாவது நான்கு தடவை, தாங்கும், ஆனால் விரல் விட்டுவிடும். வாரக்கணக்கில் இப்படி நடந்தால், பயிற்சி பெறுவது கைப்பிடிதான். கூச்சப்படாமல் லிஃப்டிங் ஸ்ட்ராப், அதாவது மணிக்கட்டில் மாட்டிப் பாரைச் சுற்றும் பட்டை, போட்டுக்கொள்ளுங்கள். "ஸ்ட்ராப் போட்டா பிடிப்பலம் வராதுலா?" என்று பக்கத்தில் யாராவது கேட்பார்கள். பிடிப்பலத்தை வேறொரு நாள் பார்த்துக்கொள்ளலாம், இன்றைக்கு வேலை காலுக்கு.

ஆர்.டி.எல்.லின் குறை என்ன? கற்றுக்கொள்ள நாள் எடுக்கும். முதுகும் சேர்ந்து களைக்கும். ரப்பர் வெட்டும் வேலைக்கு விடியற்காலையில் போகிறவர், கட்டட வேலை செய்கிறவர், கரமடி இழுக்கிறவர் என்று நாள் முழுக்க முதுகுக்கு வேலை கொடுப்பவர்களுக்கு, மாலையில் கனமான ஆர்.டி.எல். வாரம் இரண்டு நாள் என்பது அதிகம். அவர்களுக்கு ஒரு நாள் போதும், இன்னொரு நாளைக் கர்லுக்குக் கொடுக்கலாம்.

கர்ல் என்று வந்தால் உண்மையான ஒப்பீடு இங்கேதான் இருக்கிறது: குப்புறப் படுத்தா, உட்கார்ந்தா? இரண்டும் ஒன்றுதானே, முழங்கால் மடங்குகிறது, அவ்வளவுதானே என்று தோன்றும். 2021ல் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகச் சோதித்தது. ஒரே ஆளின் ஒரு காலுக்கு உட்கார்ந்த கர்ல், மறு காலுக்குப் படுத்த கர்ல். 20 பேர், 12 வாரம், வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் 10 ரெப் வீதம் 5 செட். சாப்பாடு, தூக்கம், பரம்பரை எல்லாம் இரண்டு காலுக்கும் ஒன்றுதான், ஆகவே சாக்குச் சொல்ல இடமில்லை. முடிவில் உட்கார்ந்து செய்த காலில் ஹாம்ஸ்ட்ரிங் சுமார் 14 சதவீதமும், படுத்துச் செய்த காலில் சுமார் 9 சதவீதமும் வளர்ந்திருந்தது. உட்காரும்போது இடுப்பு மடங்கியிருப்பதால் தசை நீண்ட நிலையில் நின்று வேலை செய்கிறது, வித்தியாசம் அங்கிருந்து வருகிறது. இடுப்பைத் தாண்டாத அந்தக் குட்டைத் தலையில் மட்டும் இரண்டு காலுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. காரணம் இதுதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது கஷ்டம்.

உட்கார்ந்து செய்யும்போது கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. தொடைமேல் அழுத்தும் பேடை இறுக்கமாக வைத்து, உடம்பைச் சற்று முன்னால் சாய்த்துக்கொள்ளுங்கள். பின்னால் சாய்ந்தால் இடுப்பு விரிந்து, கிடைத்த லாபத்தில் பாதி போய்விடும். கால் நேராக நீளும் இடத்தில் அவசரப்படாமல் ஒரு விநாடி நிற்க விடுங்கள்.

சிக்கல் என்னவென்றால், நான் பார்த்த வரைக்கும் சின்ன ஊர் ஜிம்களில் குப்புறப் படுக்கும் மெஷின்தான் இருக்கிறது, அல்லது லெக் எக்ஸ்டென்ஷனோடு ஒட்டிய ஒரு பெஞ்ச். அதற்காக ஜிம்மை மாற்ற வேண்டியதில்லை. 9 சதவீதமும் வளர்ச்சிதான். படுக்கை நடுவில் கூரைபோல மடங்கியிருக்கும் மெஷினாக இருந்தால் இன்னும் நல்லது, இடுப்பு கொஞ்சம் மடங்கியே இருக்கும். நீண்ட நிலையில் கிடைக்காத வேலையை ஆர்.டி.எல்.லில் இரண்டு செட் கூட்டி ஈடுகட்டலாம். ஆனால் புதிதாக ஜிம் சேரப் போகிறவராக இருந்தால், வசூலிக்கும் கட்டணத்தையும் ஏ.சி.யையும் கேட்பதற்கு முன், உட்கார்ந்து செய்யும் லெக் கர்ல் இருக்கிறதா என்று பாருங்கள். கை பைசெப்ஸுக்கு எந்த ஜிம்மிலும் வழி உண்டு. இதற்கு மெஷின் வேண்டும்.

நார்டிக் கதை வேறு. அதற்கு மெஷினே வேண்டாம், கணுக்காலைப் பிடிக்க ஒரு நண்பன் போதும். முழங்காலிட்டு நின்று, முழங்காலிலிருந்து தலைவரை உடம்பை நேராக வைத்து, மெதுவாக முன்னால் சாய வேண்டும். தாங்க முடியாத இடம் வந்ததும் கையை ஊன்றி விழலாம். பார்க்க விளையாட்டாக இருக்கும். முதல் நாள் செய்துவிட்டு மறுநாள் வடசேரி பஸ் ஸ்டாண்ட் படியில் இறங்கிப் பார்த்தால் தெரியும்.

இதைக் கால்பந்து ஆடுகிறவர்களுக்காகவே அழுத்திச் சொல்கிறேன். தூத்தூர், இரவிபுத்தன்துறை, சின்னத்துறை பக்கம் கால்பந்து என்பது மூச்சு மாதிரி. மைக்கேல் சூசைராஜ் போல ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) வரை போனவர்களைக் கொடுத்த கடற்கரை அது. ஆனால் அங்கே ஆடுகிற எத்தனையோ பேர் ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் படகில் இருந்துவிட்டு, கரைக்கு வந்ததும் நேரே மைதானத்தில் இறங்கி முழு வேகத்தில் ஓடுகிறார்கள். திடீரென்று தொடையின் பின்னால் சுண்டி இழுக்கும், அதோடு அந்தப் போட்டி முடிந்தது. இது பெரிய இடத்துப் பிரச்சினையும்தான். ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகளில் 2001-02 சீசனில் மொத்தக் காயங்களில் 12 சதவீதமாக இருந்த ஹாம்ஸ்ட்ரிங் காயம், 2021-22ல் 24 சதவீதமாகிவிட்டது.

2011ல் டென்மார்க்கில் 50 அணிகள், 942 ஆட்டக்காரர்களை வைத்து நார்டிக்கைச் சோதித்தார்கள். வழக்கமான பயிற்சி மட்டும் செய்த அணிகளில் 52 ஹாம்ஸ்ட்ரிங் காயங்கள், நார்டிக்கும் சேர்த்துச் செய்த அணிகளில் 15. அப்புறம் 2019ல் பல ஆய்வுகளையும் ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், 8,459 விளையாட்டு வீரர்களின் கணக்கில், நார்டிக் சேர்ந்த பயிற்சி இந்தக் காயத்தைப் பாதியாகக் குறைத்தது. ஒரு காசு செலவில்லாமல் மைதானத்திலேயே செய்யக்கூடிய ஒன்றுக்கு இவ்வளவு பலன் இருக்கும்போது, நம் ஊர் அணிகள் வார்ம்-அப்பில் நாலு தடவை குனிந்து நிமிர்வதோடு நிறுத்திக்கொள்வது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

டென்மார்க்கில் தொடங்கிய விதத்தையும் பாருங்கள். முதல் வாரம் ஒரே ஒரு நாள், 5 ரெப் வீதம் 2 செட். இரண்டாம் வாரம் இரண்டு நாள், 6 ரெப் வீதம் 2 செட். அதற்குப் பிறகுதான் வாரம் மூன்று நாள், மூன்று செட் என்று ஏற்றினார்கள். எடுத்த எடுப்பில் 3 செட் 10 போடுகிறவன் ஒரு வாரம் நடக்கவே சிரமப்படுவான், அப்புறம் அந்தப் பக்கமே திரும்ப மாட்டான்.

தொடை பெரிதாவதற்கு மட்டும் என்றால் நார்டிக் தனியாகப் போதாது. அதில் இடுப்பு நேராகவே இருக்கிறது, தசை முழுதாக நீள்வதில்லை. 2017ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் நார்டிக் செய்தவர்களுக்கு செமிடெண்டினோசஸும் குட்டைத் தலையும் நன்றாக வளர்ந்தன. பைசெப்ஸ் ஃபெமோரிஸின் நீண்ட தலையை வளர்ப்பதில் இடுப்பை நிமிர்த்தும் பயிற்சிதான் முந்தியது. வேகமாக ஓடும்போது அடிக்கடி கிழிவதும் அந்த நீண்ட தலைதான். ஆகவே கால்பந்துக்காரருக்கும் ஆர்.டி.எல். வேண்டும்.

ஜிம்மே இல்லாதவர் என்ன செய்வது? குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் உள்ளவருக்கு ஜிம்முக்கு வந்துபோவதே பெரிய வேலை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் நம் மாவட்டத்தில் உண்டு, பைக்கை எடுக்க முடியாத மாலைகள் நிறைய. வீட்டிலேயே நார்டிக் செய்யலாம், கனமான மரக்கட்டிலின் சட்டத்துக்கு அடியில் கணுக்காலைத் துண்டு சுற்றி மாட்டிக்கொண்டால் ஆளும் வேண்டாம். கட்டில் அசைகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், யாராவது மேலே உட்கார்ந்தால் நிம்மதி. டைல்ஸ் அல்லது மொசைக் தரையாக இருந்தால் மல்லாந்து படுத்து, குதிகாலுக்குக் கீழே துணி வைத்து, இடுப்பைத் தூக்கியபடியே காலை நீட்டி மடக்குவதும் நல்ல கர்ல். ஆர்.டி.எல்.லுக்கு நிறைந்த 20 லிட்டர் தண்ணீர் கேன், 20 கிலோ. அதைக் கையில் தொங்கவிட்டு ஒற்றைக் காலில் செய்தால் ஜிம்முக்குப் போகாத யாருக்கும் சில மாதங்களுக்குத் தாராளமாகப் போதும். அது எளிதாகிவிட்டால் 25 கிலோ அரிசிச் சாக்கை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு இடுப்பைப் பின்னால் தள்ளலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், பழக்கம் மாறாவிட்டால் தொடை மாறாது. நான் முதலில் மாற்றச் சொல்வது வரிசையை. இரண்டு லெக் டேயில் ஒரு நாளாவது ஹாம்ஸ்ட்ரிங்கோடு தொடங்குங்கள், ஸ்குவாட் அப்புறம் வரட்டும். இந்த ஒரு மாற்றத்திலேயே இரண்டு மாதத்தில் வித்தியாசம் தெரிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வாரத்துக்கு மொத்தம் 10 செட் அளவில் வைத்துக்கொள்ளலாம், ஆர்.டி.எல்.லில் 6 முதல் 10 ரெப், கர்லில் 10 முதல் 15. ஒன்றிரண்டு ரெப் மிச்சம் வைத்து நிறுத்துங்கள். என்ன வெயிட், எத்தனை ரெப் என்று ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள். போன வாரம் என்ன தூக்கினோம் என்று தெரியாதவருக்கு இந்த வாரம் எதைக் கூட்டுவது என்றும் தெரியாது.

சாப்பாட்டில் நமக்குக் குறையில்லை, கணக்குதான் குறை. வெயிட் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. 65 கிலோ ஆளுக்கு 104 கிராம். மரச்சீனிக்கிழங்கில் 100 கிராமுக்கு ஒன்றரை கிராம்கூடத் தேறாது, ஆனால் அதோடு வரும் சாளைக் கறியில் 100 கிராம் மீனுக்கு 20 கிராம் அளவில் இருக்கிறது. கிழங்கைக் கொஞ்சம் குறைத்து மீனைக் கூட்டினால் போதும். மீன் சாப்பிடாதவருக்குக் கஞ்சியும் பயறும் இருக்கவே இருக்கிறது, உலர்ந்த சிறுபயறு 100 கிராமில் 24 கிராம் புரதம். முட்டை ஒன்றுக்கு 6 கிராம்.

விசைப்படகுத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு யோசனை. மேற்குக் கடற்கரை மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள். கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டம் பக்கத்துக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அதுவும் 61 நாள். எட்டு வாரத்துக்கு மேல் கரையில் இருக்கிறீர்கள், தசை வளரத் தொடங்கிவிட்டதென்று கண்ணுக்குத் தெரிய அது போதுமான காலம். முதல் இரண்டு வாரம் பழக, அடுத்த ஆறு வாரம் வெயிட்டை ஏற்ற. கடலுக்குத் திரும்பிய பிறகு அதே அளவு தேவையில்லை. வந்த பலத்தைக் காப்பாற்றுவது அதைச் சம்பாதிப்பதைவிட எளிது, கரைக்கு வரும்போதெல்லாம் வாரம் ஒரு நாள் கனமாகச் செய்தால் பெரும்பகுதி நிற்கும். கரைக்கு வந்த அன்றே மேட்சில் இறங்குவதை மட்டும் தவிருங்கள்.

அப்படியும் சுண்டிவிட்டால், ஓடும்போது பட்டென்று வலி வந்து, நடக்கச் சிரமமாகி, ஓரிரு நாளில் தோல் கன்றிப்போனால், அது வெறும் பிடிப்பு இல்லை, தசை கிழிந்திருக்கிறது. நம் மாவட்டத்தில் வர்ம ஆசான்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, தலைமுறை தலைமுறையாகக் கைவந்த வித்தை அது. ஆனால் கிழிந்த முதல் சில நாட்களில் எண்ணெய் போட்டு அழுத்தித் தடவுவதும், வலியோடு நீட்டி இழுப்பதும் உள்ளே ரத்தக் கசிவை அதிகமாக்கும். முதலில் ஓய்வு, கட்டு, பிறகு பிசியோதெரபிஸ்டிடம் காட்டி எவ்வளவு கிழிந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வது. அவர் சம்மதித்ததும் வலி வராத எல்லைக்குள் தண்ணீர் கேனோடு ஆர்.டி.எல்.லைத் தொடங்கலாம். முழு வேகத்தில் வலியில்லாமல் ஓட முடிகிறவரை மேட்ச் வேண்டாம். வலி போய்விட்டது என்று அவசரப்பட்டு இறங்குகிறவர்களுக்குத்தான் அதே இடம் மறுபடியும் கிழிகிறது.